அதுவா கேட்டுச்சு

அக்டோபர் 6, திங்கள்

இந்த டைரி அச்சகக் கழிவில் வந்தது. அட்டையைத் தலைகீழாக ஒட்டிவிட்டார்கள். பஸ்ஸில் வைத்து எழுதினால் பக்கத்தில் இருப்பவர்கள் என்னைத்தான் ஒரு மாதிரி பார்ப்பார்கள். அடுத்த வருடத்து டைரி. அச்சடித்த தேதியை அடித்துவிட்டு என் தேதியை எழுதிக்கொள்கிறேன். சிவகாசியில் அச்சகத்தில் வேலை பார்க்கிறவர்கள் டைரியைக் காசு கொடுத்து வாங்கியதாக நான் கேள்விப்பட்டதில்லை.

எழுதத் தொடங்கியதற்குக் காரணம், இன்று வந்த புது ஆள். பெயர் மாரீஸ்வரன். முப்பது வயது இருக்கலாம். சென்னையில் ஏதோ கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை பார்த்தவராம். வீட்டில் பெண் பார்க்கிறார்கள், ஊரோடு இருந்தால் நல்லது என்று வந்துவிட்டாராம். முதலாளி குணசீலன் அண்ணாச்சி அவரைக் கூட்டிக்கொண்டு வந்து, "கனி, ஒனக்குத் தொணைக்கு ஆள் போட்டாச்சு" என்றார்.

நான் துணை கேட்கவில்லை. பன்னிரண்டு வருடமாக இந்த அச்சகத்துக் கம்ப்யூட்டர்களை நான் ஒருத்திதான் பார்க்கிறேன். காலண்டர் சீசன் உச்சத்தில் இருக்கும்போது ஒரு முதலாளி தானாக ஆள் எடுக்கிறார் என்றால், அது துணைக்கு அல்ல. சண்முகக்கனிக்கு அவ்வளவுகூடப் புரியாதா?

அக்டோபர் 9, வியாழன்

மாரீஸ்வரனுக்கு சர்வரைக் காட்டினேன். தினசரி காலண்டரின் ஒவ்வொரு தாளையும் தேதி, நட்சத்திரம், ராகுகாலம், எமகண்டம் என்று கோத்துப் பக்கமாக்கித் தருவது அந்த ஒரு மெஷின்தான். அதில் எந்த மென்பொருள் இருக்க வேண்டும், எது வேண்டாம் என்று பார்த்துக்கொள்ள ஒரு பேக்கேஜ் மேனேஜர் உண்டு. வெறும் கறுப்புத் திரை. ஆனால் அதை இரண்டு விதமாக ஓட்டலாம்.

ஒன்று, திரை முழுக்கப் பட்டியலாக விரித்துக்கொண்டு பார்ப்பது. அம்புக்குறியால் மேலும் கீழும் போய், வேண்டியதற்குக் கூட்டல் குறி, வேண்டாததற்குக் கழித்தல் குறி போட்டுக்கொண்டே வரலாம். கடைசியில் ஜி அழுத்தினால் எல்லாம் மொத்தமாக நடக்கும். இன்னொன்று, இன்னதைப் போடு என்று ஒரே வரியில் அடிப்பது. அது சம்மதமா என்று கேட்கும். ஒய் அடித்தால் போட்டுவிடும், 'என்' (N) அடித்தால் விட்டுவிடும்.

நான் பட்டியல்காரி. எதையும் கண்ணால் பார்த்துத்தான் செய்வேன். மாரீஸ்வரன் ஒரு வரிக்காரர். அடிக்கிறார், ஒய் போடுகிறார், எழுந்து போகிறார்.

பட்டியலின் அருமை தெரியட்டும் என்று, சாமி படங்களை ஸ்கேன் செய்கிற மென்பொருளின் மேல் கழித்தல் குறி போட்டுக் காட்டினேன். அதை நம்பியிருந்த நான்கைந்து மென்பொருள்களும் கூடவே போகும் என்று நிறம் மாறின.

"ஐயோ அக்கா, போயிறப் போகுது."

"ஜி அமுக்காத வரைக்கும் ஒண்ணும் ஆகாது தம்பி. கியூ போட்டா வெளிய வந்துறலாம்."

கியூ போட்டேன். வெளியே வந்துவிட்டோம். அவர் ஏதோ மலையேறி இறங்கியதைப் போல மூச்சு விட்டார். சென்னையில் என்னதான் சொல்லிக் கொடுத்தார்களோ.

அக்டோபர் 10, வெள்ளி

கேள்வி, கேள்வி, கேள்வி. தேனி உரக்கடைக்காரருடைய காலண்டரில் கடைப் பெயருக்குக் கீழே ஐந்து போன் நம்பர். ஐந்தையும் சரிபார்த்துக்கொண்டிருக்கிறேன், அந்த நேரம் பார்த்து வந்து நிற்கிறார்.

"அக்கா, சுருக்குன ஃபைலைப் பிரிக்கிறதுக்கு ஒண்ணு போடுறேன். அது கூடவே நாலஞ்சை எடுக்கணும்னு கேக்குது. எடுக்கலாமா?"

"எல்லாத்துக்கும் என்ட்ட வந்து நிக்காதீங்க தம்பி. மெஷின் கேட்டா ஒய் போடுங்க, போய்க்கிட்டே இருங்க."

போனார். மூன்றாவது போன் நம்பரில் ஒரு ஏழு தவறு. கண்டுபிடித்துவிட்டேன்.

அக்டோபர் 14, செவ்வாய்

ஸ்கேனர் ஓடவில்லை. வயர் கழன்றிருக்கும் என்று பார்த்தால், சர்வரில் அந்த மென்பொருளே இல்லை. இருந்த இடம் தெரியவில்லை.

பன்னிரண்டு வருடத்தில் ஒரு மென்பொருள் தானாக எழுந்து போனதில்லை. திரும்பப் போட்டுவிட்டேன், அது பெரிய வேலை இல்லை. யார் எடுத்தது என்பதுதான் கேள்வி. அந்த மெஷினின் பாஸ்வேர்டு தெரிந்தவர்கள் இரண்டே பேர். அதில் ஒருத்தி நான்.

சாப்பாட்டு நேரத்தில் மாரீஸ்வரன் அவர் டிபன் பாக்ஸிலிருந்து எனக்கு ஒரு கரண்டி கத்தரிக்காய்க் கூட்டு வைத்தார். நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் எதற்கு வைத்தார் என்று யோசித்துக்கொண்டே சாப்பிட்டேன்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. வீட்டுக்காரரிடம் ஸ்கேனர் விஷயத்தைச் சொன்னேன். இவர் பட்டாசு ஆபீசில் கணக்கு எழுதுகிறவர். இன்று ஒரு நாள்தான் ஓய்வு. முறுக்கைக் கடித்துக்கொண்டே, "ஒனக்கு சாம்பார்ல உப்பு கொறஞ்சாக்கூட எவனோ எடுத்துட்டுப் போயிட்டான்னுதான் தோணும்" என்றார்.

பேசவே பிடிக்கவில்லை.

நவம்பர் 3, திங்கள்

முதலாளி மாரீஸ்வரனைத் தனியாக அறைக்குள் கூப்பிட்டுப் பேசினார். கதவு சாத்தியிருந்தது. வெளியே வந்ததும், "என்ன சொன்னாரு?" என்று கேட்டேன். "சும்மா, வேலையெல்லாம் புடிச்சிருக்கான்னு கேட்டாருக்கா" என்றார். இவ்வளவு நேரமா அதைக் கேட்பார்கள்?

சரி, நாமும் சும்மா இருக்கக் கூடாது. என் நாற்காலிக்கு ஆசைப்படுகிற ஒருவன் என்ன செய்வான்? என் பொறுப்பில் இருக்கும்போது பெரிதாக ஏதாவது கெட்டுப்போக வேண்டும். எதை எடுத்தால் பெரிதாகக் கெடும்? தமிழ் எழுத்துரு. அதை எடுத்தால் காலண்டரில் ஒரு தமிழ் எழுத்துகூட வராது.

பட்டியலைத் திறந்து, எழுத்துருவின் மேல் கழித்தல் குறி போட்டுப் பார்த்தேன். ஒரே அழுத்தல்தான். மெஷின் முரண்டு பிடிக்கவில்லை, வேறு எதையும் உடைக்கப் போவதாகச் சொல்லவில்லை. எவ்வளவு சுலபம்! கியூ போட்டு வெளியே வந்தேன்.

இனி இவனைக் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டும்.

நவம்பர் 5, புதன்

நடந்துவிட்டது. நான் நினைத்தது நினைத்தபடியே நடந்துவிட்டது.

மெஷின்மேன் ஒரு தாளைத் தூக்கிக்கொண்டு மாடியேறி வந்தார். "ஏக்கா, இந்த வருசம் ராகுகாலமே கெடையாதா?" என்றார். தாளில் தேதி இருக்கிறது, ஆங்கில மாதம் இருக்கிறது. தமிழ் இருக்க வேண்டிய இடமெல்லாம் கட்டம் கட்டமாக வெற்றுப் பெட்டிகள். தேனி உரக்கடைக் காலண்டர். சீசன் அவசரத்தில் பக்கம் நேரே அச்சுத் தகடான பிளேட்டுக்குப் போய், பிளேட் நேரே மெஷினுக்குப் போய், மூன்று மாதத் தாள் ஓடி முடிந்திருந்தது. கீழே போய்ப் பார்த்தேன். பெட்டி பெட்டியாக அச்சான தாள்கள் அடுக்கடுக்காக நின்றன. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

சர்வரில் தமிழ் எழுத்துரு இல்லை. எடுக்கப்பட்டிருக்கிறது.

அவரவர் பெயரில் நுழைவதால், யார் எப்போது எதை எடுத்தார்கள் என்று அந்த மெஷின் குறித்து வைக்கும். பார்த்தேன். நேற்று, மாரீஸ்வரனின் பெயரில், பார்கோடு மென்பொருள் போட்டபோது. அதே மூச்சில் எழுத்துரு நீக்கம். ஸ்கேனர் போனபோது இதைப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை, இப்போது அந்த நாளையும் தேடினேன். அதுவும் அவன்தான்.

நவம்பர் 6, வியாழன்

முதலாளி அறையில் விசாரணை. இரண்டு நாள் பதிவையும் அச்செடுத்து மேசையில் வைத்தேன். முதலாளி கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். ஒன்றும் புரிந்திருக்காது, ஆனால் பெயர் புரிந்தது.

"என்னப்பா இது? ஓம் பேருதான இருக்கு?"

"நான் எடுக்கலை முதலாளி. பார்கோடு போடுன்னு அடிச்சேன். அதுவா கேட்டுச்சு, இதை எடுக்கட்டுமான்னு. ஒய் போட்டேன்."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. சிரித்தே விட்டேன். "மெஷின் அதுவா கேக்குமா தம்பி? பார்கோடு போடச் சொன்னா, தமிழை எடுக்கட்டுமான்னு அதுக்கு எப்படித் தோணும்? யாராச்சும் சொன்னாத்தான அது எடுக்கும்?"

அவன் என்னைப் பார்த்தான். என்னவோ சொல்ல வந்து தலையைக் குனிந்துகொண்டான். குற்றம் செய்தவன் அப்படித்தான் குனிவான்.

முதலாளிக்கு இரக்க சுபாவம். "இனிமே கனியக் கேக்காம அந்த மெஷின்ல கை வைக்கக் கூடாது" என்று விட்டுவிட்டார்.

நவம்பர் 11, செவ்வாய்

கை வைக்கக் கூடாது என்றால் வைக்காமல் இருந்துவிடுவானா? அடுத்தது எதில் கை வைப்பான் என்று யோசித்தேன். நான் அவனாக இருந்தால் பேக்கப். தினமும் எல்லாக் காலண்டரையும் நகலெடுத்து வைக்கிற மென்பொருள். அது போனால் ஒரு மாதம் கழித்துத்தான் தெரியும், தெரியும்போது எல்லாம் போயிருக்கும்.

பட்டியலைத் திறந்து அதன் மேல் கழித்தல் போட்டுப் பார்த்தேன். போகும். கியூ.

வரும் வழியில் பூக்கடையில் மல்லி வாங்கினேன். அளந்து தரும்போது ஒரு முழம் குறைவாக இருந்ததாக எனக்குத் தோன்றியது. திரும்ப அளக்கச் சொன்னேன். சரியாகத்தான் இருந்தது.

நவம்பர் 13, வியாழன்

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக இதை எழுதுகிறேன்.

இன்று பட்டியலைத் திறந்தால், பேக்கப் மென்பொருளின் மேல் கழித்தல் குறி தயாராக நிற்கிறது! அதற்குக் கீழே இன்னும் இரண்டு, நான் வாழ்க்கையில் தொட்டிராத பெயர்கள், அவற்றின் மேலும் குறி. ஜி அழுத்துவது மட்டும்தான் பாக்கி.

நானும் அன்று பேக்கப்பின் மேல்தான் குறி போட்டுப் பார்த்தேன். ஆனால் கியூ போட்டு வந்துவிட்டேன். ஆகவே இது என் குறி இல்லை. அப்படியென்றால் நான் சோதித்துப் பார்ப்பதை என் முதுகுக்குப் பின்னால் நின்று பார்த்திருக்கிறான். நான் டீ குடிக்கப் போன நேரத்தில் உள்ளே புகுந்து அதே இடத்தில் கை வைத்திருக்கிறான். பதிவில் ஒரு வரிகூட இல்லை. தடம் விடாமல் குறி மட்டும் வைத்துவிட்டுப் போகத் தெரிந்திருக்கிறது. லேசான ஆள் இல்லை.

திரையைப் போனில் படம் எடுத்துக்கொண்டேன். பிறகு மூன்றின் மேலும் கூட்டல் போட்டு, குறிகளை நீக்கினேன்.

நவம்பர் 14, வெள்ளி

அனுப்பிவிட்டார்கள்.

படத்தைப் பார்த்ததும் முதலாளிக்கு முகம் சிவந்துவிட்டது. மாரீஸ்வரன், "சத்தியமா நான் அந்தப் பக்கமே போகலை முதலாளி" என்றான். அம்மா மேல் சத்தியம் செய்யப் போனான், முதலாளி தடுத்துவிட்டார். போகும்போது மேசையிலிருந்த தண்ணீர் பாட்டிலை எடுக்க மறந்துவிட்டான். திரும்பி வந்து எடுத்துக்கொண்டு, "வர்றேன்க்கா" என்றான். நான் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

அவன் போனபின் முதலாளி என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "எப்படிம்மா செய்வான்? காட்டு, தெரிஞ்சுக்குவோம்" என்றார். பட்டியலைத் திறந்து, பக்கத்தைப் பிளேட் மெஷினுக்கு அனுப்புகிற மென்பொருளின் மேல் கழித்தல் போட்டேன். வரிசையாக ஏழெட்டு நிறம் மாறின. "இப்ப ஜி அமுக்குனா நம்ம பொழப்பே போச்சு முதலாளி" என்றேன். அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார். சிரித்துக்கொண்டே கியூ போட்டேன்.

பாஸ்வேர்டையும் மாற்றிவிட்டேன். இப்போது அது தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

முதலாளி போனை எடுத்து, ஊரில் உள்ள அச்சக முதலாளிகள் எல்லோரும் இருக்கிற வாட்ஸ்அப் குழுவில் மாரீஸ்வரன் பெயரையும் போட்டோவையும் போட்டு, யாரும் வேலைக்கு வைத்துவிட வேண்டாம் என்று எழுதினார். அவர் எழுதிக்கொண்டிருக்கும்போதே ஏழு பேர் கைகூப்பினார்கள். இந்த ஊரில் ஒரு அச்சகத்தில் கெட்ட பெயர் வாங்கினால் இன்னொன்றின் படியேற முடியாது. அது கொஞ்சம் அதிகம் என்று எனக்குத் தோன்றியது. வாய் திறந்து சொல்லவில்லை.

நவம்பர் 24, திங்கள்

பத்து நாளாக ஒரு தொந்தரவும் இல்லை. எதுவும் காணாமல் போகவில்லை. இதைவிடச் சாட்சி என்ன வேண்டும் என்று வீட்டுக்காரரிடம் கேட்டேன். "திருடன் போயிட்டான், பின்ன என்ன, நிம்மதியாத் தூங்கு" என்றார். பட்டியலைத் திறக்கக்கூட அவசியம் ஏற்படவில்லை.

அவன் செய்துகொண்டிருந்த வேலையும் என் தலையில் விழுந்திருக்கிறது. அது மட்டும்தான் கஷ்டம்.

டிசம்பர் 1, திங்கள்

புதுப் பிரிண்டர் வந்தது. அதற்கு ஒரு டிரைவர் மென்பொருள் போட வேண்டும். கீழே மூன்று பேர் காத்திருந்தார்கள். பட்டியலில் தேடி எடுக்க நேரமில்லை. மாரீஸ்வரன் செய்வதைப் போல ஒரே வரியில் அடித்தேன்.

திரையில் வந்தது: புதிதாகப் போடப்படுவது, ஒன்று. நீக்கப்படுவது, எட்டு. எட்டின் பெயரும் வரிசையாக இருந்தது. பிளேட் மெஷின் மென்பொருள் முதலில். தொடரட்டுமா, ஒய்யா, 'என்'னா?

விரல் ஒய்யின் மேல் இருந்தது. எடுத்துவிட்டேன்.

அவன் ஊரில் எங்கோ இருக்கிறான். பாஸ்வேர்டு என் தலைக்குள் மட்டும் இருக்கிறது.

'என்' அடித்து ரத்து செய்தேன். பிறகு பட்டியலைத் திறந்தேன். பிளேட் மென்பொருளின் மேல் கழித்தல் குறி நின்றது. முதலாளிக்குக் காட்டுவதற்காக நான் சிரித்துக்கொண்டே போட்ட குறி. ஜி அழுத்தவில்லைதான். ஆனால் கியூ போட்டபோது அது குறியை அழிக்கவும் இல்லை. பத்திரமாக வைத்துக்கொண்டு, அடுத்து யார் எதைக் கேட்டு வந்தாலும் அதோடு சேர்த்து முடித்துவிடக் காத்திருந்திருக்கிறது. பட்டியலும் ஒரு வரியும் ஒரே நிரலின் இரண்டு வாசல்கள்தான் என்று நானே அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

கூட்டல் போட்டு அந்தக் குறியை நீக்கிவிட்டு டிரைவரைப் போட்டு முடித்தேன். அப்புறமும் நம்பாமல், என்றோ யாரோ போட்டுவைத்த ஒரு சதுரங்க விளையாட்டின் மேல் கழித்தல் போட்டு, கியூ போட்டு, திரும்பத் திறந்தேன். அங்கேயே நின்றது.

டிசம்பர் 2, செவ்வாய்

இன்று வேலை அதிகம்.

டிசம்பர் 4, வியாழன்

எழுதாமல் இருந்தால் இல்லையென்று ஆகிவிடாது. ஸ்கேனர், நான் அவனுக்குப் பெருமையடித்தபோது போட்ட குறி. எழுத்துரு, அவன் எடுத்துவிடுவானோ என்று நான் போட்ட குறி. பேக்கப், அதுவும் நான். கூட நின்ற அந்த இரண்டு பெயரும் பேக்கப்பை நம்பி இருந்தவை. அதனால் தானாகச் சேர்ந்துகொண்டவை. ஒவ்வொரு தடவையும் அவன் என்ன செய்வான் என்று பார்க்கப் போய் நானே செய்து வைத்திருக்கிறேன்.

ராத்திரி சாப்பிடும்போது இவர் சொன்னார்: "ஒங்க ஆபீசு மாரீஸ்வரனைப் பாத்தேன். பார்சல் ஆபீசுல மூட்டை ஏத்திக்கிட்டிருந்தான். ஏறாத பிரஸ் இல்லையாம், ஒருத்தரும் உள்ள விடலையாம். பொண்ணு வீட்லயும் விசாரிச்சிட்டு வேண்டாம்னுட்டாங்களாம். நல்ல வேளை, சமயத்துல கண்டுபிடிச்ச போ."

சோற்றில் மோரை ஊற்றி விழுங்கினேன்.

டிசம்பர் 5, வெள்ளி

மாரீஸ்வரனுக்குப் போன் செய்தேன். எடுக்க மாட்டார் என்று நினைத்தேன். எடுத்தார்.

"சொல்லுங்கக்கா."

எப்படித் தொடங்குவது என்று தெரியாமல், நேரடியாகக் கேட்டுவிட்டேன். "தமிழ் எழுத்துருவ எடுக்கட்டுமான்னு கேட்டப்ப, ஏன் தம்பி ஒய் போட்டீங்க?"

அந்தப் பக்கம் லாரி சத்தம் கேட்டது.

"முந்தின நாள் நீங்க அந்தப் பட்டியலைத் தெறந்து வச்சு அதையே பாத்துக்கிட்டிருந்தீங்கல்லக்கா. நீங்கதான் எடுக்கணும்னு குறிச்சு வச்சிருக்கீங்க, புது எழுத்துரு ஏதாச்சும் போடப் போறீங்கன்னு நெனச்சேன். மெஷின் கேட்டா ஒய் போடுங்க, என்ட்ட வந்து நிக்காதீங்கன்னு சொன்னீங்க. போட்டேன்."

"அன்னைக்கு முதலாளிகிட்ட ஏன் இதைச் சொல்லலை?"

"சொன்னேனே. அதுவா கேட்டுச்சுன்னு சொன்னேன். நீங்க சிரிச்சீங்க. நீங்களே சிரிச்சதுக்கப்புறம் நான் யாருகிட்டச் சொல்ல?"

நான் செய்தது என்று சொன்னேன். எல்லாம் என் குறி, நீங்க எதுவும் செய்யலை என்று சொன்னேன். எனக்குக் குரல் உடைந்துவிட்டது. அவருக்கு உடையவில்லை. "சரிக்கா, லோடு வந்துருச்சு" என்று வைத்துவிட்டார்.

டிசம்பர் 8, திங்கள்

முதலாளியிடம் சொன்னேன். முதலில் புரியவில்லை. இரண்டாம் தடவை சொன்னபோது புரிந்தது, பிடிக்கவில்லை. பேனாவை மூடி வைத்தார்.

"கனி, ஒண்ணு கேட்டா தப்பா நெனச்சுக்காத. அவன் வீட்ல இருந்து யாரும் வந்து அழுதாங்களா? இல்ல, அந்தப் பயலுக்காக நீ எதுக்கு இப்படி அலையிற?"

அந்தப் பார்வை எனக்குத் தெரியும். கூட்டு வைத்த மாரீஸ்வரனை நான் பார்த்த பார்வை. உடம்பெல்லாம் கூசிவிட்டது.

"யாரும் வரலை முதலாளி. நான் செஞ்சேன்னு சொல்றேன்."

"நீ செஞ்சிருக்க மாட்ட. படம்லாம் எடுத்துக் காட்டுனியே? பதிவுல அவன் பேருதான இருந்துச்சு? எடுத்தவன் பேருதான வரும்? விடு, சீசன் முடியப் போகுது. குரூப்புலயும் சொல்லியாச்சு. இப்பப் போயி நான் தப்புன்னு எழுதினா எவன் மதிப்பான்?"

எழுந்து போகத்தான் நினைத்தேன். பிறகு என்ன தோன்றியதோ, "ஒரு அஞ்சு நிமிசம் எம் மேசைக்கு வாங்க" என்றேன். வந்தார். மெஷினில் அவர் பெயரிலேயே உள்ளே நுழையும்படி செய்து வைத்துவிட்டு, கீபோர்டை அவர் பக்கம் நகர்த்தினேன்.

"எனக்கு என்னம்மா தெரியும் இதுல?"

"கால்குலேட்டர் ஒண்ணு போடுவோம். நான் சொல்லச் சொல்ல அடிங்க."

ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடித்தார். என்டர் தட்டினார். திரை கேட்டது. அவர் படிக்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார். "ஒய்யா?" என்றார். ஒய் போட்டார்.

இரண்டு நிமிடத்தில் முடிந்தது. பதிவைத் திறந்து அவர் பக்கம் திருப்பினேன். கால்குலேட்டர் போடப்பட்டது, சதுரங்கம் நீக்கப்பட்டது, செய்தவர் பெயர், குணசீலன்.

"சதுரங்கத்தை ஏன் முதலாளி எடுத்தீங்க?"

"நான் எங்கம்மா எடுத்தேன்? கால்குலேட்டர் போடுன்னுதான அடிச்சேன். அதுவா கேட்டுச்சு, ஒய் போ..."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், அது அழுக்காகக்கூட இல்லை. கீழே மெஷின் ஓடுகிற சத்தம் மாடி வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தது.

"சதுரங்கத்து மேல போன திங்கக்கிழமையே நான் குறி போட்டுட்டுப் போயிருந்தேன்" என்றேன்.

"அந்தப் பயலும் இதேதான சொன்னான்" என்றார் முதலாளி. "இதே வார்த்தை."

போனை எடுத்து அதே குழுவைத் திறந்தார். நீண்ட நேரம் அடித்தார், அழித்தார், அடித்தார். கடைசியில் என்னிடம் நீட்டி, சரியா என்று கேட்டார். தப்பு எங்கள் அச்சகத்தின் மேல், மாரீஸ்வரன் மேல் எந்தத் தவறும் இல்லை என்று இருந்தது. 'எங்கள் அச்சகத்தின்' என்பதை அடித்துவிட்டு, 'எங்கள் சண்முகக்கனியின்' என்று மாற்றிக் கொடுத்தேன். அவர் என்னைப் பார்த்தார். அப்படியே அனுப்பினார்.

இந்தத் தடவை யாரும் கைகூப்பவில்லை. படித்துவிட்டார்கள் என்று மட்டும் நீலக் கோடு வந்தது.

டிசம்பர் 15, திங்கள்

மாரீஸ்வரன் வந்தார். முதலாளி நேரில் வீட்டுக்குப் போய்க் கூப்பிட்டிருக்கிறார். பெண் வீட்டார் திரும்பி வரவில்லை. அதை யாராலும் சரிசெய்ய முடியாது போலிருக்கிறது. என்னோடு தேவைக்கு மட்டும் பேசுகிறார். டிபன் பாக்ஸைத் தனியாகத் திறந்து தனியாக மூடினார். எனக்கு வலித்தது. வலிக்கட்டும்.

மத்தியானம் சர்வரில் ஏதோ போட ஒரு வரி அடித்தார். திரை கேட்டது. அவர் விரலை எடுத்துவிட்டு நாற்காலியைத் திருப்பி என்னைப் பார்த்தார்.

கையிலிருந்த வேலையை அப்படியே போட்டுவிட்டு எழுந்து போனேன். அவர் பக்கத்தில் நின்று, திரையில் இருந்த ஒவ்வொரு பெயரையும் அவருக்குக் கேட்கும்படி வாய்விட்டுப் படித்தேன். போடப்படுவது, இரண்டு. நீக்கப்படுவது, எதுவுமில்லை.

"போடுங்க தம்பி" என்றேன்.

அவர் திரும்பி, இன்னொரு தடவை தானாகப் படித்துப் பார்த்துவிட்டு, பிறகுதான் ஒய் போட்டார்.